பள்ளிக் கல்வி யார் பொறுப்பில்: தேசிய அரசா, உள்ளாட்சியா?

பொதுக் கல்வியைத் தேசிய அரசு நடத்தட்டுமா, உள்ளாட்சி நடத்தட்டுமா என்று கேட்பவரிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது: கல்வியில் எந்த வேலையை? மூன்றாம் வகுப்பில் பின்னம் சொல்லித்தருவதா என்பது ஒரு முடிவு. ஆசிரியரை யார் நியமிப்பது, சம்பளத்தை யார் தருவது, இடமாறுதல் ஆணையில் யார் கையெழுத்திடுவது, கழிப்பறையில் உடைந்த குழாயை யார் மாற்றுவது, பிள்ளைகள் குறைந்துபோன பள்ளியை மூடலாமா என்பதெல்லாம் வேறு வேறு முடிவுகள். இத்தனையும் ஒரே அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்படி இருக்கும் நாடும் அபூர்வம். மையத்தின் பிடிக்குப் பெயர்போன பிரான்சில் ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் அரசுடையவை. ஆனால் தொடக்கப் பள்ளிக் கட்டடம் ஊராட்சியுடையது. 1980-களின் பரவலாக்கச் சட்டங்களுக்குப் பிறகு நடுநிலைப் பள்ளிக் கட்டடங்கள் மாவட்டங்களுக்கும் மேல்நிலைப் பள்ளிக் கட்டடங்கள் மண்டலங்களுக்கும் போய்விட்டன. மறுமுனையில் நிற்கும் அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் (பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகள்) உண்டு. இருந்தும் மாற்றுத்திறனாளி மாணவரைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லும் உரிமையை 1975-இன் கூட்டாட்சிச் சட்டம் அவற்றிடமிருந்து எடுத்துவிட்டது.

ஆகவே கீழே உள்ள ஒப்பீட்டை, பொறுப்பின் பெரும்பகுதி எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

- பணம்: ஏழை ஊர்ப் பள்ளிக்கும் பணக்கார ஊர்ப் பள்ளிக்கும் ஒரு மாணவருக்கான செலவு எவ்வளவு வேறுபடும்?
- திறன்: கணக்கு எழுத, டெண்டர் விட, ஆசிரியரைத் தேர்வு செய்ய, சிறப்புத் தேவை உள்ள பிள்ளையை மதிப்பிட அந்த நிர்வாகத்திடம் ஆள் இருக்கிறதா?
- தகவல்: பிரச்சினை தெரிந்த இடத்திலிருந்து முடிவெடுக்கும் இடத்துக்கு எத்தனை மேசைகள்?
- உரிமை: ஊரின் பெரும்பான்மைக்குப் பிடிக்காத பிள்ளைகளுக்கு யார் காவல்?
- பதில் சொல்லும் பொறுப்பு: ஆசிரியர் வரவில்லை என்றால் பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பது?
- தவறின் வீச்சு: ஒரு தவறான முடிவு எத்தனை பள்ளிகளைத் தொடும்?

மேடைகளில் அதிகம் பேசப்படுவது பின்னால் உள்ள நான்கும். விளைவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் இரண்டு.

## தேசிய அரசு நடத்தினால்

இதன் பெரிய பலம் வரித்தளம். நாடு முழுவதும் திரட்டும் வரியிலிருந்து செலவு செய்யும்போது ஒரு ஊரில் தொழிற்சாலை மூடப்பட்டதற்காக அந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் குறைய வேண்டியதில்லை. ஊர் மாறும் குடும்பத்தின் பிள்ளை அதே பாடத்தை, அதே வகுப்பில் தொடரலாம். ஆசிரியரின் தகுதி எங்கும் ஒன்றே. ஓய்வூதியமும் கைவிட்டுப் போகாது.

உரிமை விஷயத்திலும் மையத்தின் பக்கம் கனமாக இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்ற கவுன்ட்டி, வெள்ளையர், கறுப்பர் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்த மனமில்லாமல் 1959-இல் தன் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளையர் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போனார்கள். கறுப்பர் பிள்ளைகள் பலர், 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் திறக்க வைக்கும்வரை பள்ளி இல்லாமலே இருந்தார்கள். கவுன்ட்டி நிர்வாகம் சட்டப்படி அமைந்த உள்ளாட்சிதான்; அதன் வாக்காளர்களில் பெரும்பான்மையோரின் விருப்பமும் அதுதான்.

மறைசெலவுகள் மூன்று.

முதலாவது, சின்ன வேலைகள் தேங்குவது. ஹங்கேரி 2013-இல் உள்ளாட்சிகளிடமிருந்த பள்ளிகளை ஒரே மைய நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. நாட்டின் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு ஒரே முதலாளி. தலைமை ஆசிரியர்கள் சின்னச் செலவுகளுக்கும் மேலே எழுதிக் கேட்டுக் காத்திருந்தார்கள். சாக்பீஸும் கழிப்பறைத் தாளும்கூட வரவில்லை என்ற புகார்கள் குவிந்தன. 2016-இல் ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2017-இல் அந்த நிறுவனம் சுமார் 60 மாவட்ட மையங்களாகப் பிரிக்கப்பட்டது. சம்பளப் பட்டியலை மையத்தில் போடலாம். பராமரிப்புச் செலவை மையத்தில் வைத்தால் இதுதான் நடக்கும், எந்த நாடானாலும்.

இரண்டாவது, இடமாறுதல். எல்லா ஆசிரியரும் ஒரே அரசின் ஊழியர் என்றால் சமமாகப் பங்கிட முடியும் என்று தோன்றும். பணிமூப்புக்குப் புள்ளி கொடுத்து, புள்ளி அதிகம் உள்ளவர் விரும்பிய இடத்தை எடுக்கலாம் என்று விதி வைத்தால் நேர்மாறாகிறது. பிரான்சில் பாரிஸைச் சுற்றியுள்ள கிரெத்தேய், வெர்சாய் கல்வி மண்டலங்களுக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களே அதிகம் அனுப்பப்படுகிறார்கள். அனுபவம் சேர்ந்ததும் வேறு இடம் போய்விடுகிறார்கள். அங்கேதான் கடினமான பள்ளிகளும் அதிகம். மையப்படுத்துவதாலேயே சமத்துவம் வந்துவிடாது. மாறுதல் விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, தவறின் வீச்சு. அமெரிக்காவின் 2001 கல்விச் சட்டம் (கையெழுத்தானது 2002 ஜனவரியில்) 2014-க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. ஆனால் எது தேர்ச்சி என்று மாநிலங்களே முடிவு செய்யலாம். சில மாநிலங்கள் கோட்டைத் தாழ்த்திக்கொண்டன. இலக்கை ஓரிடத்தில் வைத்து அளவுகோலை வேறிடத்தில் கொடுத்தால் அளவுகோல் வளையும். 2015-இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடு முழுவதும் வகுப்பறைகள் தேர்வுப் பாடங்களை நோக்கிச் சாய்ந்திருந்தன.

## உள்ளாட்சி நடத்தினால்

நல்ல உள்ளாட்சி ஒன்றால் எந்த அமைச்சகத்தையும் விட வேகமாக ஒரு பள்ளியைத் திருத்த முடியும். பிரேசிலின் வடகிழக்கில், ஏழ்மையான சியரா மாநிலத்தில் உள்ள சோப்ரால் நகராட்சி 2000-களின் தொடக்கத்தில் இரண்டு காரியங்களைச் செய்தது. தலைமை ஆசிரியர் பதவியைக் கட்சிக்காரர்களுக்குக் கொடுக்காமல் தேர்வு வைத்து நிரப்பியது. தொடக்க வகுப்புகளிலேயே ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கிறதா என்று நேரில் சோதித்தது. பின்னர் பிரேசிலின் தேசியக் கல்விக் குறியீட்டில் முதல் வரிசைக்கு வந்தது. பள்ளிகள் அத்தனையும் நகராட்சியின் ஒரு கல்விச் செயலாளரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் இது சாத்தியமானது.

அதே நாட்டில், மேயர் பதவி கட்சி மாறும் நகராட்சிகளில் தலைமை ஆசிரியர்களும் ஆசிரியர்களும் மாற்றப்படுவதும் மாணவர் மதிப்பெண் சரிவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நெருக்கம் இரண்டு பக்கமும் வெட்டும்.

இனி பணம். டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகர்ப்பகுதியில் உள்ள பள்ளி மாவட்டங்கள் இரண்டின் 1967-68 கணக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1973 தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. ஏழை மாவட்டமான எட்ஜ்வுட், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டு, ஒரு மாணவருக்கு 26 டாலர் கூடுதலாகத் திரட்டியது. வசதியான அலமோ ஹைட்ஸ் 0.85 டாலர் மட்டுமே வரி போட்டு, ஒரு மாணவருக்கு 333 டாலர் திரட்டியது. அதிக வரி கட்டியவர்களுக்குப் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. நீதிமன்றம் இந்த ஏற்பாடு கூட்டாட்சி அரசமைப்புக்கு முரணில்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சொத்துவரியை நம்பிய உள்ளாட்சிக் கல்வியின் கணக்கு எங்கும் இதே வடிவில்தான் வரும். சரிக்கட்ட மேலிருந்து பணம் வர வேண்டும்.

மேலிருந்து பணம் வந்தாலும் அது வந்து சேர வேண்டுமே. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளுக்கென்று மைய அரசு விடுவித்த மாணவர்-வாரி மானியத்தைப் பின்தொடர்ந்து பார்த்ததில், சராசரியாக 13 சதவீதமே பள்ளியை அடைந்திருந்தது. மீதி மாவட்ட அலுவலகங்களில் நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் விடுவித்த தொகையைச் செய்தித்தாளில் வெளியிட்டார்கள், பள்ளி வாசலிலும் ஒட்டினார்கள். பள்ளியை அடையும் பங்கு பல மடங்கு உயர்ந்தது.

திறன் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஊழலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எண்ணிக்கை அதைவிட முக்கியம். ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்குத் தேவைப்படும் சேவை ஒன்றை, செவித்திறன் குறைந்த பிள்ளைக்குச் சிறப்பாசிரியர் என்று வைத்துக்கொள்வோம். 600 மாணவர் உள்ள ஊராட்சியில் பல ஆண்டுகள் அப்படி ஒரு பிள்ளையும் இருக்காது. திடீரென ஓர் ஆண்டு இரண்டு பேர் இருப்பார்கள். அந்த ஆண்டின் செலவு ஊராட்சியின் கணக்கையே கவிழ்க்கும். இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சேவை கிடைக்காது. 60,000 மாணவர் உள்ள அமைப்பில் எப்போதும் அறுபது பேர் அளவில் இருப்பார்கள். நிரந்தரப் பணியிடமே போடலாம். பின்லாந்தின் சிறிய நகராட்சிகள் இப்படிப்பட்ட வேலைகளுக்கு ஒன்றுசேர்ந்து கூட்டமைப்பு வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

ஸ்வீடனின் அனுபவம் எச்சரிக்கையாக இருக்கட்டும். 1991-இல் ஆசிரியர்களின் முதலாளி என்ற இடத்திலிருந்து தேசிய அரசு விலகி 280-க்கும் மேற்பட்ட நகராட்சிகளிடம் அதைக் கொடுத்தது. கல்விக்கென்று ஒதுக்கப்பட்ட மானியம் 1993-இல் பொது மானியத்தில் கரைந்தது. நகராட்சி அதைக் கல்விக்கே செலவிட வேண்டும் என்ற கட்டு போய்விட்டது. 1992 முதல் தனியார் பள்ளிகளுக்கும் பொதுப்பணம் தரும் ஏற்பாடும் சேர்ந்ததால், பின்னர் வந்த சரிவில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். ஆனால் 2012-இன் சர்வதேச பிசா தேர்வில் வேறெந்த பணக்கார நாட்டையும் விட அதிகமாக ஸ்வீடன் சரிந்திருந்தது. நகராட்சிமயம் தோற்றது என்று 2014-இன் அரசு விசாரணை அறிக்கை முடிவு சொன்னது.

## நடுவில் உள்ளவை

மாநிலம் அல்லது மாகாணம் நடத்துவது பலருக்கும் நினைவுக்கு வராத, ஆனால் நன்றாக நடக்கும் வழி. கனடாவில் தேசியக் கல்வி அமைச்சகமே கிடையாது. மாகாணங்கள் நடத்துகின்றன, பிசாவில் அந்நாடு தொடர்ந்து மேல்வரிசையில் இருக்கிறது. ஜெர்மனியிலும் கல்வி மாநிலங்களுடையது. பிசா 2000-இன் அதிர்ச்சிக்குப் பிறகுதான் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான கற்றல் தரங்களை வகுத்தார்கள்.

இன்னொரு முனை, அதிகாரத்தைப் பள்ளிக்கே கொடுப்பது. நியூசிலாந்து 1989-இல் மண்டலக் கல்வி வாரியங்களைக் கலைத்து, ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் ஆட்சிக் குழு அமைத்தது. கணக்காளரும் வழக்கறிஞரும் பெற்றோராக உள்ள பள்ளிக்கு இது வசதி. கூட்டத்துக்கு ஆள் சேராத சிறு பள்ளிக்குச் சுமை.

## பணம் மேலே, நடத்துவது கீழே

நீண்டகாலம் நிலைத்த ஏற்பாடுகள் பெரும்பாலும் இந்த வடிவில் இருக்கின்றன. கூர்ந்து பார்த்தால் கட்டுப்பாட்டின் பூட்டு எங்கே என்பதில் அவை வேறுபடுகின்றன.

ஜப்பானில் பாடத்திட்ட வரையறை அமைச்சகத்துடையது, ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும். பாடநூலுக்கு ஒப்புதல் தருவது அமைச்சகம். ஒப்புதல் பெற்றவற்றில் தேர்ந்தெடுப்பது உள்ளூர் கல்வி வாரியம். கட்டாயக் கல்வி ஆசிரியர் சம்பளத்தில் பாதியைத் தேசிய அரசு தந்துவந்தது. 2006 முதல் மூன்றில் ஒரு பங்கு. ஆசிரியரை நியமிப்பதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும் மாகாண வாரியம். தீவுப் பள்ளிக்கும் மலைப் பள்ளிக்கும் அனுபவசாலிகள் போய்ச் சேர்வது இந்தச் சுழற்சியால்.

பின்லாந்தில் சுமார் 300 நகராட்சிகள் பள்ளிகளை நடத்துகின்றன. 1990-களின் தொடக்கத்திலேயே பள்ளி ஆய்வாளர் முறையையும் பாடநூல் ஒப்புதலையும் கைவிட்டார்கள். இதை மட்டும் பார்த்து நகலெடுக்க விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: ஆசிரியர் ஆக முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது நாடு முழுமைக்குமான சட்டம். உள்ளே வரும் வாசலில் கட்டுப்பாடு இறுக்கம். அதனால்தான் பிறகு தளர்த்த முடிந்தது.

பிரேசில் வேறு வழி பிடித்தது. மாநில, நகராட்சி வரிகளில் குறிப்பிட்ட பங்கை மாநில அளவில் ஒரு நிதியில் போட்டு, மாணவர் எண்ணிக்கைப்படி பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடு 1998-இல் நடைமுறைக்கு வந்தது. 2020-இன் அரசமைப்புத் திருத்தம் அதை நிரந்தரமாக்கி, கூட்டாட்சி அரசின் கூடுதல் பங்கை 10 சதவீதத்திலிருந்து 2026-க்குள் 23 சதவீதமாக உயர்த்தச் சொன்னது. நிதியில் குறைந்தது 70 சதவீதம் கல்விப் பணியாளர் ஊதியத்துக்கு.

இந்த வடிவம் உடையும் இடங்களும் தெரிந்தவையே. போலந்தில் ஆசிரியர் ஊதியத்தையும் பணி நிபந்தனைகளையும் தேசியச் சட்டம் நிர்ணயிக்க, சம்பளத்தைக் கொடுக்க வேண்டியது நகராட்சி. மானியம் போதாதபோது அமைச்சகமும் நகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டின. ஜெர்மனியில் 2019-இல் பள்ளிகளைக் கணினிமயமாக்கக் கூட்டாட்சி அரசு 500 கோடி யூரோ ஒதுக்கியது. அதற்கு முதலில் அரசமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. பிறகு பள்ளி வாரியாகத் திட்டம் எழுதிக் கொடுக்க ஆளில்லாமல் பணம் ஆண்டுக்கணக்கில் நகரவில்லை.

நிபந்தனை மானியம் இன்னொரு பலவீனம். இந்தியாவில் 1976-இன் 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. 2024-இல் பிஎம்ஸ்ரீ என்ற வேறொரு திட்டத்தில் கையெழுத்திடாத மாநிலங்களுக்கு மத்திய அரசின் பள்ளிக் கல்வி நிதியுதவியான ‘சமக்ர சிக்ஷா’வின் தவணைகள் நின்றன. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். அமைப்பின் கோளாறு, சம்பளம் போகும் குழாயில் அரசியல் திறப்பு ஒன்றைப் பொருத்தியது. ஊதியத்துக்கான தொகையைச் சட்டத்தில் எழுதிய சூத்திரப்படி தானாகப் போக விட்டு, நிபந்தனைகளைப் புதுத் திட்டங்களுக்கு மட்டும் வைத்தால் இந்தச் சிக்கல் எழாது.

## எந்த வேலை எங்கே

| வேலை | பொருத்தமான இடம் | தவறான இடத்தில் வைத்தால் |
|---|---|---|
| அடிப்படை உரிமை, சேர்க்கை விதி | தேசியம் | ஊர்ப் பெரும்பான்மை கதவடைக்கும் |
| பாடத்திட்டத்தின் மையப்பகுதி | தேசியம் அல்லது மாநிலம் | ஊர் மாறும் பிள்ளை தடுமாறும் |
| உள்ளூர் வரலாறு, மொழி, கால அட்டவணை | உள்ளாட்சி, பள்ளி | அறுவடைக் காலத்தில் தேர்வு வரும் |
| ஆசிரியர் தகுதி | தேசியம் | மலிவான நியமனம் பெருகும் |
| ஆசிரியர் சம்பள நிதி | தேசியம் அல்லது மாநிலம் | ஏழை ஊரில் காலியிடம் நிரம்பாது |
| நியமனம், மாறுதல் | மாநிலம் அல்லது பெரிய மாவட்டம் | மேலே போனால் காலதாமதம். கீழே போனால் சிபாரிசு |
| புதுக் கட்டடம் | மூலதனம் மேலிருந்து, கட்டுவது உள்ளாட்சி | ஒரே வரைபடம், பொருந்தாத நிலம் |
| பழுது, சில்லறைச் செலவு | பள்ளி | சாக்பீஸுக்குக் கோப்பு |
| கொள்முதல் | விலை ஒப்பந்தம் மேலே, ஆர்டர் பள்ளியிலிருந்து | தேங்கிய கிடங்கு அல்லது இரட்டை விலை |
| தேர்வும் தணிக்கையும் | பள்ளியை நடத்தாத ஓர் அமைப்பு | நடத்துபவரே தனக்கு மதிப்பெண் போடுவார் |

கடைசி வரிசையில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மற்றவற்றில் இடம் கொஞ்சம் மாறினாலும் சமாளிக்கலாம்.

## எந்தச் சூழலில் எது

ஊர்களுக்கிடையே வருமான வித்தியாசம் பெரியதாக, உள்ளாட்சி அலுவலகத்தில் பயிற்சி பெற்ற கணக்காளர்கூட இல்லாத நிலையில், மையம் அல்லது மாநிலத்தின் பக்கம் சாய்வதே சரி. அர்ஜென்டினா 1990-களில் மேல்நிலைப் பள்ளிகளை மாகாணங்களுக்குக் கொடுத்தபோது, நிர்வாகமும் நிதிநிலையும் சீராக இருந்த மாகாணங்களில் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது. ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்குப் பலன் கிடைக்கவில்லை. பரவலாக்கம் வலியவரை மேலும் வலியவராக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

உள்ளாட்சி போதுமான பெரியது, வரியோ உறுதியான மானியமோ இருக்கிறது, ஆசிரியர் தரம் நாடு முழுக்க ஓரளவு சமம் என்றால் உள்ளாட்சியிடம் விடுங்கள். பல மொழி பேசும் நாட்டில் முதல் வகுப்புகளின் பயிற்றுமொழிக்கும் இதுவே வழி.

பிள்ளைகள் எண்ணிக்கை சுருங்கும் நாடு தனி வகை. பள்ளியை மூடும் முடிவை எந்த மேயரும் எடுக்க மாட்டார். எஸ்தோனியாவில் பள்ளிகள் நகராட்சிகளுடையவை, ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு மானியம். ஆனால் மேல்நிலை வகுப்புகளை மட்டும் அரசே நடத்தும் பள்ளிகளாகப் படிப்படியாக ஒன்றுசேர்த்தார்கள். சிறு பிள்ளைகள் ஊரிலேயே படிக்க, பெரிய பிள்ளைகளுக்குப் போதுமான பாடப்பிரிவுகள் உள்ள பள்ளி கிடைத்தது.

## மாற்றுவது என்று முடிவானால்

பொறுப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் ஆண்டுகளில்தான் அதிகச் சேதம். செய்ய வேண்டிய வரிசை இது:

1. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே ஒரு பதவியின் பெயர் எழுதிய பட்டியல். ‘கூட்டாக’, ‘கலந்தாலோசித்து’ என்று வரும் இடங்களைத் திருத்துங்கள். அங்கேதான் கோப்பு நிற்கும்.
2. கடமைக்கு முன்னால் பணம். குறைந்தது ஒரு முழு நிதியாண்டு மானியம் ஒழுங்காக வந்த பிறகு சம்பளப் பொறுப்பை மாற்றுங்கள்.
3. ஆசிரியர் பட்டியலை ஆள் வைத்துச் சரிபார்ப்பது. பெயரில் மட்டும் இருப்பவர்களும் பெயரில் இல்லாமல் வேலை செய்பவர்களும் அப்போதுதான் தெரிவார்கள்.
4. கட்டடங்களின் நிலையைப் பள்ளி வாரியாகப் பதிந்து, பழுதுச் செலவை மதிப்பிட்டு, இரு தரப்பும் கையெழுத்திடுவது.
5. முன்னோட்டத்துக்குப் பலவீனமான பகுதி ஒன்றையாவது சேர்ப்பது. நல்ல மாவட்டங்களில் மட்டும் சோதித்தால் எதுவும் வெற்றிதான்.
6. கைமாற்றும் நாளைக் கல்வியாண்டின் நடுவில் வைக்காதது.
7. ஓய்வூதியம், சம்பள பாக்கி, வழக்குகள் யாருக்கு என்பதைச் சட்டத்திலேயே எழுதுவது.

நான்காவதையும் ஏழாவதையும் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சிலி இரண்டு முறை பார்த்தது. 1980-களில் ராணுவ ஆட்சி பள்ளிகளை நகராட்சிகளுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களுக்குச் சேர வேண்டியிருந்த ஓர் ஊதிய உயர்வைப் புதிய முதலாளிகள் ஏற்கவில்லை. ‘வரலாற்றுக் கடன்’ என்றே அதற்குப் பெயராகி, இழப்பீட்டுக்கான சட்டம் வர 2025 ஆனது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். 2017-இன் சட்டம் நகராட்சிகளிடமிருந்து பள்ளிகளை எடுத்து 70 வட்டாரப் பொதுக்கல்வி அமைப்புகளிடம் தரத் தொடங்கியது. இந்த முறை, நகராட்சிகள் கட்டாமல் விட்ட ஓய்வூதியச் சந்தாக்களும் பல்லாண்டு பழுதடைந்த கட்டடங்களும் தகராறாயின. 2023-இல் அட்டகாமா பகுதியில் பள்ளிக் கட்டடங்களின் நிலையை முன்வைத்து ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டடங்கள் பழுதானது நகராட்சிகளின் காலத்தில். பதில் சொல்ல வேண்டியிருந்தது புதிய அமைப்புக்கு.